கையில் இருக்கும் ரூபாய் நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நோட்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் உடனே பர்ஸைத் திறப்பார்கள். ஒரு நோட்டை எடுத்து நீட்டி, "இதுல என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். பல வருடங்களாக அப்படி என்னிடம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். படிக்கும்போது ஒரு 100 ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் வந்த இளம் ஊதா நோட்டாக இருந்தால் நல்லது.

நோட்டில் தமிழ் எங்கே இருக்கிறது?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். இடது பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டை மேலிருந்து கீழாக ஓடும். அதில் 15 மொழிகளில் நோட்டின் மதிப்பு எழுதியிருக்கும். மேலிருந்து எண்ணினால் 13ஆவது வரி நம்முடையது: நூறு ரூபாய். அதற்கு மேலே சமஸ்கிருதம், கீழே தெலுங்கு, கடைசியில் உருது.

13ஆவது இடம் என்பதால் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அப்படி இல்லை. மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அசாமியில் தொடங்கி வங்காளி, குஜராத்தி, கன்னடம், காஷ்மீரி, கொங்கணி, மலையாளம், மராத்தி, நேபாளி, ஒடியா, பஞ்சாபி என்று அது இறங்கி வருகிறது. முன்பக்கத்தில் இந்தியும் ஆங்கிலமும் இருப்பதால் மொத்தம் 17 மொழிகள்.

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன. போடோ, டோக்ரி, மைதிலி, மணிப்புரி, சந்தாலி, சிந்தி ஆகிய ஆறும் நோட்டில் இல்லை. அந்த மொழிகளைப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வரி கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. தன் எழுத்தை நோட்டில் பார்க்கும் சந்தோஷம் நமக்குத் தெரியுமே.

தேவநாகரி எண் பற்றி ஒரு சர்ச்சை வந்ததே?

ஆமாம். 2016இல் தொடங்கிய புதிய வரிசையில் மதிப்பைத் தேவநாகரி எண்ணிலும் அச்சிட்டார்கள். ஒன்றிய அரசின் அலுவல் காரியங்களுக்கு இந்திய எண்களின் சர்வதேச வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு. நாம் தினமும் எழுதும் 1, 2, 3தான் அந்த வடிவம். இதைச் சுட்டிக்காட்டி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அப்போதே வழக்குப் போடப்பட்டது. தேவநாகரி எண் இன்றும் நோட்டில் இருக்கிறது.

இந்தி எழுத்து நோட்டில் பெரிதாக இடம்பிடித்தது 1953 வாக்கில். அப்போது இந்திக்காரர்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. 'ரூபயா' என்ற சொல்லின் பன்மையை எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். கடைசியில் 'ருபயே' என்று முடிவானது.

வேறு நாட்டு நோட்டுகளில் தமிழ் உண்டா?

உண்டு. இலங்கை நோட்டில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கிறது. சிங்கப்பூர் நோட்டில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் வரும், அதில் ஒன்று தமிழ். மொரீசியஸ் நோட்டில் தமிழ் எழுத்தோடு தமிழ் எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே பார்க்க அரிதாகிப்போன நம் எண்களை இந்தியப் பெருங்கடல் நடுவே ஒரு தீவு பணத்தில் அச்சிடுகிறது என்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அந்த மொரீசியஸ் நோட்டுக்கு ஒரு கதையும் உண்டு. அங்கே ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசைதான் வழக்கம். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தியை முன்னால் வைத்து, தமிழைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசைப்படி மறுபடி அச்சாயின.

சரி, நம் நோட்டுக்கு வருவோம்.

இந்தியாவில் நோட்டு எப்போது தொடங்கியது?

முதலில் வங்கிகள்தான் வெளியிட்டன. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கல்கத்தாவில் தனியார் வங்கி நோட்டுகள் புழங்கின. பிறகு வங்காள வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் தொடங்கிய மதராஸ் வங்கி ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் சொந்தமாக நோட்டு வெளியிட்டன.

1857 கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் கஜானா காலியாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து வந்த நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன், அரசே நோட்டு வெளியிட வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். வந்த மறு வருடமே, 1860இல், அவர் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த சாமுவேல் லெயிங் காலத்தில்தான் அது 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டமாக நிறைவேறியது. அன்றிலிருந்து நோட்டு வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டும் என்றானது.

அந்த முதல் நோட்டு எப்படி இருந்தது?

இன்றைய கண்ணுக்கு அது ஒரு கடன் பத்திரம் மாதிரித் தெரியும். ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறுமை. மூலையில் விக்டோரியா மகாராணியின் சிறிய படம், இரண்டு இந்திய மொழிகளில் மதிப்பு, அப்புறம் கையெழுத்து. இங்கிலாந்தில் கையால் வார்த்த தாளில் அச்சானது. 10, 20, 50, 100, 1000 என்ற மதிப்புகளில் வந்தது. கள்ள நோட்டு பெருகியதால், 1867இல் ராணி படம் இல்லாத வேறு வடிவத்துக்கு மாற்றினார்கள்.

அன்றைய ஜனங்கள் நோட்டைத் தபாலில் அனுப்பிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழியில் திருட்டுப் பயம் உண்டல்லவா? நோட்டை இரண்டாக வெட்டி முதலில் ஒரு பாதியை அனுப்புவார்கள். அது கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் மறு பாதி கிளம்பும். இரண்டு துண்டிலும் எண் இருப்பதால் சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம். அப்படி நடுவில் ஒட்டிய நோட்டுகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

ஒரு ஊர் நோட்டு இன்னொரு ஊரில் செல்லாது என்பது உண்மையா?

உண்மைதான். நாடு பல நோட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மதராஸ், பம்பாய், கல்கத்தா, ரங்கூன், லாகூர், கராச்சி, கான்பூர் என்று வட்டத்தின் பெயர் நோட்டிலேயே அச்சாகியிருக்கும். அந்த வட்டத்துக்குள்தான் அதற்குச் சட்டப்படியான மதிப்பு. இந்த முறையைப் படிப்படியாகத்தான் கைவிட்டார்கள். 1903இல் 5 ரூபாய் நோட்டு, பர்மா நீங்கலாக, எல்லா இடத்திலும் செல்லும் என்றானது. 10, 50 ரூபாய்க்கு 1910இலும், 100 ரூபாய்க்கு 1911இலும் அந்த வசதி வந்தது.

ஒரு ரூபாய் நோட்டு மட்டும் ஏன் தனி ரகம்?

இது உண்மையிலேயே தனி ரகம். மற்ற எல்லா நோட்டிலும் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது இந்திய அரசு. அதனால் அதில் நிதித்துறைச் செயலரின் கையெழுத்து. "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற வாசகமும் அதில் இல்லை. சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்குச் சமம். தாளில் அடித்த காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிறந்ததே நாணயத் தட்டுப்பாட்டில்தான். முதல் உலகப்போரில் வெள்ளி கிடைக்காமல் ரூபாய்க் காசு அடிப்பது கஷ்டமானது. 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வந்தது. அதை ஒட்டியே இரண்டு ரூபாய் எட்டணாவுக்கும், அதாவது இரண்டரை ரூபாய்க்கும், ஒரு நோட்டு வந்தது. 1926இல் ஒரு ரூபாய் நோட்டை நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப்போரில், 1940இல், திரும்பக் கொண்டுவந்தார்கள். 1994இல் மறுபடி நிறுத்தி 2015இல் மறுபடி அச்சிட்டார்கள்.

அச்சே இல்லாத அந்த 20 வருடங்களிலும் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ஒரு ரூபாய் நோட்டுக்கு மவுசு குறையவில்லை. 101, 501 என்று மொய் எழுத அந்த ஒரு ரூபாய் வேண்டுமே. புது ஒரு ரூபாய் நோட்டுக் கட்டைப் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. மன்மோகன் சிங் 1970களின் பிற்பகுதியில் நிதித்துறைச் செயலராக இருந்தார். 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தார். அதனால் ஒரு ரூபாய் நோட்டிலும் மற்ற நோட்டுகளிலும் அவருடைய கையெழுத்து உண்டு. பின்னாளில் பிரதமரான ஒருவரின் கையெழுத்து இரண்டு வேறு பதவிகளின் பெயரில் மக்கள் கையில் புழங்கியிருக்கிறது.

ரிசர்வ் வங்கி எப்போது நோட்டு வெளியிடத் தொடங்கியது?

வங்கி தொடங்கியது 1935 ஏப்ரல் 1. முதல் நோட்டு வந்தது 1938 ஜனவரியில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட 5 ரூபாய். அதே வருடத்தில் 10, 100, 1000, 10,000 ரூபாய் நோட்டுகளும் வந்துவிட்டன. கையெழுத்து இரண்டாவது ஆளுநர் ஜேம்ஸ் டெய்லருடையது. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டில்கூடக் கையெழுத்துப் போடாமலே பதவியை விட்டுப் போனார்.

நோட்டின் நடுவே ஓடும் கம்பி எப்போது வந்தது?

1944 வாக்கில். அதற்குக் காரணம் போர். ஜப்பான் தரப்பிலிருந்து வந்த கள்ள நோட்டுகள் அசலைப் போலவே இருந்ததால், மன்னர் பக்கவாட்டில் பார்க்கும் படத்தை மாற்றி நேராகப் பார்க்கும் படத்தைப் போட்டு, தாளுக்குள் பாதுகாப்பு இழையையும் சேர்த்தார்கள். இந்திய நோட்டில் அந்த இழை வந்தது அதுதான் முதல் தடவை.

காந்தி படம் சுதந்திரம் கிடைத்ததும் வந்துவிட்டதா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. மன்னர் படத்தை எடுத்துவிட்டுக் காந்தியின் படத்தைப் போடலாம் என்று யோசனை இருந்தது, மாதிரி வடிவங்கள்கூடத் தயாராயின. கடைசியில் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தூண் தலைப்பே போதும் என்று முடிவெடுத்தார்கள். 1949இல் புதிய ஒரு ரூபாய் நோட்டில் அந்தச் சிங்கங்கள் வந்தன. அடுத்து 1950இல் குடியரசின் முதல் 2, 5, 10, 100 ரூபாய் நோட்டுகளிலும் அதுவே.

காந்தி முதலில் வந்தது 1969இல், அவருடைய நூற்றாண்டு விழாவுக்காக. சேவாகிராம் ஆசிரமம் பின்னணியில் தெரிய, அவர் உட்கார்ந்திருக்கும் படம். அது நினைவு வெளியீடு மட்டுமே. வழக்கமான நோட்டில் அவர் முகம் வந்தது 1987 அக்டோபரில், புதிதாக வந்த 500 ரூபாயில். அப்போதுகூட, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாளுக்குள் தெரியும் நீர்க்குறியில் சிங்கம்தான் இருந்தது. 1996இல் மகாத்மா காந்தி வரிசை தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு மதிப்பாக எல்லா நோட்டிலும் அவர் படம் பரவியது. ஆளுநராக இருந்த சி. ரங்கராஜனின் கையெழுத்தோடு அவை வெளிவந்தன.

அப்படிப் பார்த்தால் சுதந்திர இந்தியாவின் முதல் 40 வருட நோட்டுகளில் பெரும்பாலும் எந்த மனிதரின் முகமும் கிடையாது. சிங்கம், பின்பக்கத்தில் புலி, மான், யானை, பாய்மரக் கப்பல், மயில், அணைக்கட்டு, டிராக்டர், எண்ணெய்க் கிணறு, ஆரியபட்டா செயற்கைக்கோள். ஒரு நாடு எதையெல்லாம் பார்த்துப் பெருமைப்பட்டது என்பதை அந்தப் பின்பக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

நோட்டில் இருப்பது காந்தியின் ஓவியமா, புகைப்படமா?

புகைப்படத்திலிருந்து எடுத்தது. 1946இல் டில்லியில் அன்றைய வைஸ்ராய் மாளிகையில், இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில், எடுத்த படம் அது. பிரிட்டிஷ் அமைச்சர் பெதிக் லாரன்ஸ் பக்கத்தில் நிற்க, காந்தி சிரித்துக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்து, இடம் வலம் மாற்றி, கோடுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்தச் சிரிப்பு முழுவதும் கோடும் புள்ளியும்தான்.

தஞ்சைப் பெரிய கோயில் ஒரு நோட்டில் இருந்ததாமே?

இருந்தது! 1954இல் 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகளை மறுபடி வெளியிட்டார்கள். அதில் 1000 ரூபாய் நோட்டின் பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில், 5000இல் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா, 10,000இல் அசோகச் சிங்கங்கள். 1970களின் நடுவிலும் கோயில் படத்தோடு 1000 ரூபாய் அச்சானது. அன்றைக்கு அது ரொம்பப் பெரிய தொகை. நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலானோர் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். 1978 ஜனவரியில் அந்த மூன்றுமே செல்லாமல் போயின.

இப்போதைய வரிசையின் பின்பக்கங்களில் கொனார்க் சூரியக் கோயில் (10), எல்லோரா (20), ஹம்பி கல் தேர் (50), குஜராத்தின் ராணி படிக்கிணறு (100), சாஞ்சி தூபி (200), செங்கோட்டை (500) இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சின்னம் ஒன்றும் இல்லை. ராஜராஜனின் விமானம் திரும்ப ஒரு நோட்டில் வர வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. இந்தத் தடவை எல்லோர் கையிலும் புழங்குகிற 10, 20 ரூபாயில் வந்தால் இன்னும் சந்தோஷம்.

"தருவதாக உறுதியளிக்கிறேன்" என்றால் எதைத் தருவார்கள்?

முன்பக்கத்தில் ஆளுநர் கையெழுத்துக்கு மேலே இந்தியிலும் ஆங்கிலத்திலும் இந்த வாசகம் இருக்கிறது. இதை வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று பொருள். நோட்டு என்பது வெள்ளிக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த சீட்டாக இருந்த காலத்திலிருந்து வருகிற வாசகம் இது. அன்றைக்கு நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்கும். இன்று 100 ரூபாய் நோட்டை நீட்டினால் அதே மதிப்புக்கு வேறு நோட்டோ காசோ கிடைக்கும், தங்கம் கிடைக்காது.

அதற்காக அந்த வாசகம் வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு நோட்டும் ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஒரு கடன். அதற்கு ஈடாகத் தங்கம், அரசுப் பத்திரங்கள், அந்நியச் செலாவணி போன்ற சொத்துகளை அது வைத்திருக்க வேண்டும். அதில் தங்கமும் அந்நியப் பத்திரங்களும் சேர்த்துக் குறைந்தது 200 கோடி ரூபாய்க்கு இருக்க வேண்டும், தங்கம் மட்டும் 115 கோடிக்கு என்பது 1950களில் வந்த விதி. இது போக, மத்திய அரசின் உத்தரவாதம் என்ற வரியும் நோட்டில் தனியாக இருக்கிறது.

நோட்டின் வடிவத்தை யார் முடிவு செய்கிறார்கள்? எங்கே அச்சாகிறது?

ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். எவ்வளவு பெரிய மதிப்புக்கு நோட்டு அடிக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் வரம்பு உண்டு: 10,000 ரூபாய்.

அச்சாவது நான்கு இடங்களில். நாசிக்கும் தேவாஸும் மத்திய அரசு நிறுவனத்தின் அச்சகங்கள். மைசூரும் மேற்கு வங்கத்தின் சல்போனியும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனத்தைச் சேர்ந்தவை. 1928க்கு முன்பு நம் நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்த வருடம் நாசிக்கில் 5 ரூபாய் நோட்டு அச்சானதுதான் உள்நாட்டு அச்சின் தொடக்கம்.

நோட்டு காகிதம்தானே, துவைத்தால் ஏன் கரைவதில்லை?

மரக்கூழ்க் காகிதம் இல்லை, பருத்தி. அதனால்தான் சட்டைப் பையில் மறந்து துவைத்தாலும் நோட்டு பிழைத்துக்கொள்கிறது. புது நோட்டைச் சுண்டினால் வரும் அந்த 'சடசட' சத்தத்துக்கும் பருத்திதான் காரணம். அனுபவமுள்ள காசாளர்கள் கட்டை எண்ணும்போதே அந்தச் சத்தத்தையும் கவனிப்பார்கள்.

கள்ள நோட்டை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், கருவி எதுவும் வேண்டாம். அந்த 100 ரூபாயை எடுங்கள்.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெறுமையாகத் தெரியும் இடத்தில் காந்தி முகமும் பக்கத்தில் 100 என்ற எண்ணும் எழும்பி வரும். அது தாள் தயாராகும்போதே உள்ளே உருவாவது. அசலில் நிழலும் வெளிச்சமும் மெல்ல மெல்ல மாறும். போலியில் மேலே அச்சடித்த படம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அதே பிடியில் இடது ஓரத்தைப் பாருங்கள். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதியாக அச்சான கோடுகள் சேர்ந்து 100 என்று முழுமையாகும்.

அடுத்து சாய்த்துப் பாருங்கள். பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். இழையில் தேவநாகரியில் 'பாரத்', ஆங்கிலத்தில் 'ஆர்பிஐ' என்ற எழுத்துகள் இருக்கும்.

பிறகு கண்ணை மூடி விரலால் தடவுங்கள். காந்தி படம், அசோகச் சின்னம், ஓரத்தில் நான்கு சாய்வுக் கோடுகள் எல்லாம் மேடாகத் தட்டுப்படும். ஆழமாகச் செதுக்கிய தகட்டில் மை நிரப்பி, பலமாக அழுத்தி அச்சிடுவதால் வருவது இது. நோட்டின் எண்ணையும் பாருங்கள். இலக்கங்கள் இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாகப் பெரிதாகிக்கொண்டே போகும்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய அசல் நோட்டில் மேடு தேய்ந்துபோயிருக்கும். மூன்று நான்கு அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

2000 ரூபாய் நோட்டில் சிப் இருந்ததா?

இல்லை. எந்த இந்திய நோட்டிலும் சிப் கிடையாது.

பார்வையில்லாதவர்கள் நோட்டை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

இது என் மனதை உறுத்துகிற கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வழிகள் உண்டு: நோட்டின் அளவு, விரலில் தட்டுப்படும் குறி. 1996இல் தொடங்கிய வரிசையில் நோட்டுகளின் அளவு வித்தியாசம் நன்றாகவே தெரியும். அந்த வரிசையில் 20 ரூபாய்க்கு நெட்டுச் செவ்வகம், 50க்குச் சதுரம், 100க்கு முக்கோணம், 500க்கு வட்டம், 1000க்குச் சாய்சதுரம் என்று மேடான குறிகளும் இருந்தன.

இப்போதைய வரிசையில் மேடான குறி 100இலிருந்துதான்: 100க்கு முக்கோணம், 200க்கு ஆங்கில எச் வடிவம், 500க்கு வட்டம். கோடுகளும் உதவும். 100இல் நான்கு கோடு, 200இல் நான்கு கோட்டுக்கு நடுவே இரண்டு வட்டம், 500இல் ஐந்து கோடு. ஆனால் நோட்டு பழசானால் மேடு தேய்ந்துவிடும். அப்புறம் நம்பியிருக்க வேண்டியது அளவைத்தான்.

அளவு என்ன சொல்கிறது பாருங்கள். 100 ரூபாயின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். ஆக, 200க்கும் 500க்கும் இடையில் 4 மில்லிமீட்டர்தான். 10 ரூபாய்க்கும் 20 ரூபாய்க்கும் 6 மில்லிமீட்டர், அவற்றில் மேடான குறியும் இல்லை. நடைபாதையில் கடை போட்டிருக்கும் பார்வையற்ற ஒருவர் கூட்ட நேரத்தில் இந்த 4 மில்லிமீட்டரை விரலால் அளக்க வேண்டும். அளவைக் குறைத்தபோது இதை இன்னும் யோசித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. நோட்டைக் கேமரா முன்னால் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணைய இணைப்பு தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் விரலாலேயே அறிந்துகொள்ள முடிவதற்கு அது ஈடாகாது. தெரிந்தவர்கள் யாருக்காவது தேவைப்பட்டால் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

ரூபாய்க் குறியை வடிவமைத்தது தமிழரா?

ஆமாம், உதயகுமார். மும்பை ஐஐடியில் படித்தவர், பிறகு குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியரானவர். நாடு தழுவிய போட்டியில் தேர்வான அவருடைய ₹ குறியை 2010 ஜூலை 15 அன்று அரசு ஏற்றுக்கொண்டது. தேவநாகரி 'ர' எழுத்தும் ரோமன் 'ஆர்' எழுத்தும் சேர்ந்த வடிவம் அது. அடுத்த ஆண்டிலிருந்து நோட்டுகளில் வரத் தொடங்கியது.

நோட்டு எண்ணில் நட்சத்திரம் இருந்தால் போலியா?

போலி இல்லை. அச்சில் பழுதான நோட்டை எடுத்துவிட்டு, கட்டில் 100 எண்ணிக்கை குறையாமல் இருக்க வேறொன்றை வைக்கிறார்கள். அந்த மாற்று நோட்டுக்கு அடையாளம்தான் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இருக்கும் நட்சத்திரம். 2006 முதல் இந்த முறை இருக்கிறது. கடைக்காரர் வாங்க மறுத்தால் இதைச் சொல்லுங்கள். சமூக ஊடகங்களில் இதைப் பற்றி வதந்தி கிளம்பியபோது, 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியே இது செல்லும் என்று விளக்கம் தந்தது.

கிழிந்த நோட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?

20 ரூபாய் வரைக்கும் கணக்கு எளிது. கையில் இருக்கும் மிகப் பெரிய ஒரே துண்டு, முழு நோட்டின் பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

50 ரூபாய்க்கும் அதற்கு மேலும் மூன்று நிலை. அந்தத் துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி மதிப்பு, 40க்குக் கீழே எதுவும் கிடைக்காது.

எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், அங்கே உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டியதில்லை. தீயில் கருகிய நோட்டு, தொட்டால் உதிர்கிற நோட்டு என்றால் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வேண்டுமென்றே வெட்டியது என்று தெரிந்தால் பணம் தர மாட்டார்கள்.

பேனாவால் எழுதிய நோட்டு செல்லாதா?

செல்லும். பெயர், கணக்கு, காதல் வசனம் எது எழுதியிருந்தாலும் செல்லும். அரசியல் கோஷம் எழுதியது விதிவிலக்கு, அதற்கு மதிப்புக் கோர முடியாது. ஆனாலும் எழுதாதீர்கள். ஸ்டேப்ளர் பின்னும் அடிக்காதீர்கள். பின் குத்திய ஓட்டையிலிருந்துதான் கிழிசல் தொடங்குகிறது.

எத்தனை தடவை நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்திருக்கிறார்கள்?

மூன்று தடவை. 1946 ஜனவரியிலும் 1978 ஜனவரியிலும் பெரிய நோட்டுகள் மட்டும். அவை சாதாரண மக்களிடம் அதிகம் இருக்கவில்லை. 2016 நவம்பர் 8 இரவு அறிவித்தது அப்படியல்ல. 500, 1000 ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம். அன்றாடக் கூலி வாங்குகிறவர் கையில் இருந்ததும் அதுதான். வங்கி வாசலில் நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

2000 ரூபாய் கதை வேறு. 2023 மே 19 அன்று அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், செல்லாது என்று அறிவிக்கவில்லை. வங்கிகளில் மாற்றுவதற்கான கெடு அந்த வருடம் அக்டோபர் 7உடன் முடிந்தது. அதற்குப் பிறகு சென்னை உட்பட ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள்.

வீட்டில் பழைய 500, 1000 ரூபாய் கிடைத்தது. வைத்திருப்பது குற்றமா?

2017இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒருவர் மொத்தம் 10 நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. அதைத் தாண்டினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். யாராவது "மாற்றித் தருகிறேன்" என்று வந்தால் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

தாத்தா பெட்டியில் மன்னர் தலை போட்ட நோட்டு இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். சுருக்கம் போக இஸ்திரி போடுவது, அழுக்குப் போகக் கழுவுவது, லேமினேட் செய்வது, கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவது எல்லாம் நோட்டைக் கெடுத்துவிடும். அழுக்கோடு இருக்கும் அசல் நோட்டுக்குத்தான் சேகரிப்பாளர் மதிப்புக் கொடுப்பார். பிவிசி கலக்காத தெளிவான பிளாஸ்டிக் உறையில், மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வைப்பதற்கு முன்னால் கையெழுத்து யாருடையது என்று பார்த்து, நோட்டு எண்ணோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.